மலைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே

திருவண்ணாமலைக் கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரத்தை ஒட்டி கோபுரத்திளையனார் சந்நிதி இருக்கிறது. வாழ்க்கை வெறுத்து, அந்தக் கோபுரத்தின் மேலிருந்து உயிரை விடத் துணிந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடித்த இடம் அது என்பது ஊர் நம்பிக்கை. திருப்புகழ் அதற்குப் பிறகுதான் பிறந்தது என்பார்கள். இது வரலாறா கதையா என்ற விசாரணை நமக்கு இங்கே வேண்டாம். சாகத் துணிந்த ஒருவரை இந்த ஊர் ஏசவில்லை, ஒதுக்கவில்லை. அவர் காப்பாற்றப்பட்ட இடத்தைக் கும்பிடுகிறது. மனத்துயரைப் பற்றித் திருவண்ணாமலையில் பேச வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாட்டின் சட்டத்துக்கு அந்தக் கருணை வர வெகுகாலம் பிடித்தது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி என்றது. வழக்குக்குப் பயந்தே எத்தனையோ குடும்பங்கள் நடந்ததை மறைத்தன. மறைத்ததால் மருத்துவரிடமும் உண்மை போய்ச் சேரவில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் முதலில் இதை மாற்றியது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அதன் 115ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காக முயல்வது மட்டும் அதில் தனிக் குற்றமாக மிஞ்சியிருக்கிறது. இந்த மாற்றம் கிராமத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. "போலீஸ் கேஸ் ஆயிடும், வெளியில சொல்லாதே" என்ற பேச்சு இன்றும் கேட்கிறது.

2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். ஒரு லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 12.4 என்றால் நம் மாநிலத்தில் 25.9. இங்கே பதிவு ஒழுங்காக நடப்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் இது சிறிய எண் இல்லை. நாடு முழுவதற்குமான கணக்கில் முதல் காரணமாக நிற்பது குடும்பப் பிரச்சினை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடுத்தது நோய். தொழில் வாரியாகப் பார்த்தால் கால் பங்குக்கு மேல் தினக்கூலிகள். ஆக, மனநலம் என்றதும் நம் கண்முன் வரும் கிழிந்த துணி, தனிப்பேச்சு, அலைச்சல் எல்லாம் இந்த விஷயத்தின் ஓர் ஓரம்தான். பெரும் பகுதி வீட்டுக்குள், வேலைக்குப் போய்க்கொண்டும் சோறு பொங்கிக்கொண்டும் இருப்பவர்களிடம் இருக்கிறது.

அந்தத் துயரம் பெரும்பாலும் உடம்பின் மூலமாகத்தான் பேசும். "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது", "ராத்திரி கண்ண மூடினா தூக்கமே வரமாட்டேங்குது", "கைகாலெல்லாம் அசதி", "தலை கிறுகிறுன்னு வருது", "சாப்பாடு இறங்கல". வட ஆற்காட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வரிசையில் நிற்கும் பெண்களிடம் காது கொடுத்தால் இவைதான் விழும். ஈசிஜி நன்றாக இருக்கும், சர்க்கரை இருக்காது. "கேஸ் பிராப்ளம்" என்று ஒரு மாத்திரை, "சத்து இல்ல" என்று ஓர் ஊசி, காசிருந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ். அடுத்த மாதம் அவரே வேறொரு கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, வலி மெய்யானது. பதற்றமும் மனச்சோர்வும் தூக்கத்தை, பசியை, இதயத் துடிப்பை, தசைகளை நேராகவே பிடிக்கின்றன. தைராய்டு குறைவு, ரத்தசோகை போன்றவை இதே முகத்தோடு வரும் என்பதால் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது சரி. அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் "உனக்கு ஒண்ணுமில்ல, போ" என்று அனுப்புவது தவறு. ஒன்று இருக்கிறது. அதைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. பத்தில் ஒருவர். நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானவர்கள் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. இதில் மனச்சோர்வும் பதற்றமும்தான் எண்ணிக்கையில் பெரியவை, கண்ணுக்குப் படாதவையும் அவைதான். தெருவில் சத்தம் போடுகிறவரை யாராவது எங்காவது கூட்டிக்கொண்டு போவார்கள். சத்தமில்லாமல் சோற்றைத் தள்ளி வைப்பவரை "கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கா" என்று விட்டுவிடுவார்கள்.

இந்த மாவட்டத்தின் நெருக்கடிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலக்கடலையும் நெல்லும் ஏரிப் பாசனத்தையும் மழையையும் நம்பியிருப்பவை. விளைச்சல் பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். ஊரில் தங்கும் மனைவியோ, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் கிழவியோ யாரிடமும் சொல்ல முடியாத பாரத்தைச் சுமக்கிறார்கள். ஆரணியில் பட்டுத் தறி, செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிக்கு விடியலில் பஸ் ஏறும் பெண்கள், அதோடு வாரந்தோறும் வாசலுக்கு வரும் குழுக் கடன் வசூல். கடன் வசூலில் நடக்கும் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மனநலச் சட்டம் என்று யாரும் அதை அழைக்கவில்லை. என் கணக்கில் அதுவும் மனநலச் சட்டம்தான். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகள் ஓராண்டு காத்திராமல் உடனே எழுத வழிசெய்த துணைத்தேர்வும் அந்த வகைதான். சென்னையில் 1986இல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அதற்காகத் தொடர்ந்து வாதாடியவர். கவுன்சலிங் அறையில் ஆறுதல் சொல்வது ஒரு வேலை. மனிதரை அந்த அறைக்கு விரட்டும் காரணத்தைக் குறைப்பது இன்னொரு வேலை, பெரிய வேலை.

சரி, இந்தப் பாரத்தோடு மக்கள் எங்கே போகிறார்கள்? திருவண்ணாமலையில் இதற்குப் பதில் தேட வேண்டியதில்லை. மலையைச் சுற்றுகிறார்கள். பதினான்கு கிலோமீட்டர், எட்டு லிங்கங்கள், பௌர்ணமி இரவு, வெறுங்கால். கல்யாணம் ஆகாத மகள், குடியை விடாத புருஷன், தீராத வழக்கு என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உடற்பயிற்சி லேசான, நடுத்தரமான மனச்சோர்வைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. அதோடு துணைக்கு ஆள், வழியில் அன்னதானம், யாரும் கேள்வி கேட்காமல் அழுதுகொண்டே நடக்கக் கிடைக்கும் ஓர் இரவு. வீட்டைவிட்டுத் தனியாக வெளியே வர வேறு காரணமே கிடைக்காத பெண்ணுக்கு இந்த ஒரு காரணத்தை யாரும் மறுப்பதில்லை. அதன் மதிப்பு அவளுக்குத் தெரியும்.

கோயில் ஆறுதலை அளந்து பார்த்த ஆய்வும் உண்டு. வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி என்பவரின் சமாதிக் கோயிலில் தங்க வந்த 31 மனநோயாளிகளைப் பற்றி மருத்துவர் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு போன்ற கடுமையான நோய் உள்ளவர்கள். அங்கே மருந்து கிடையாது, பேயோட்டும் சடங்கும் கிடையாது. காலையில் எளிய பூசை, பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற கோயில் வேலை, கூடவே உறவினர் ஒருவர். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதை வைத்து மருந்து வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது அபாயம். பரிவோடு நடத்தும் இடமும், செய்ய ஒரு வேலையும், பக்கத்தில் சொந்தமும் எந்தச் சிகிச்சைக்கும் தேவை என்பது வரைக்கும் அது சொல்கிறது.

நம்பிக்கையின் மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்கா அருகே தனியார் நடத்திய மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கட்டியது மதம் என்று நான் சொல்லமாட்டேன். அருகில் மருத்துவம் இல்லாமை, குடும்பத்தின் களைப்பு, அந்தக் களைப்பில் காசு பார்த்த வியாபாரம் மூன்றும் சேர்ந்து கட்டின. சிகிச்சைக்கு வழியற்ற ஏழைக் குடும்பம், பைத்தியம் என்ற அவப்பெயருக்குப் பயந்து, தொலைவிலுள்ள புனிதத் தலத்தில் ஆளை விட்டுவிட்டுப் போனது. பிறகு அதே ஏர்வாடியில் 'தவா–துவா' என்ற பெயரில் மருந்தும் வேண்டுதலும் ஒன்றாக நடக்க ஏற்பாடு வந்தது. தர்காவுக்கு வருகிறவர் தொழுகையை விடாமலே மனநல மருத்துவரையும் பார்க்கலாம். திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்குகிறவர்களுக்கும் இன்று உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் மருத்துவரும் உண்டு. குறி சொல்பவரும் மந்திரிப்பவரும் முதலில் பார்க்கப்படுகிறவர்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்த மருத்துவமும் கிராமத்தில் வேர்விடாது. "தாயத்தையும் கட்டிக்கோ, மாத்திரையையும் நிறுத்தாதே" என்று சொல்லும் பூசாரி ஒருவர் கிடைத்துவிட்டால் அது பெரிய பலம்.

திருவண்ணாமலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதுப் பையன் ஒருவன் ரயிலில் வந்து இறங்கினான். ஆயிரங்கால் மண்டபத்தின் கீழே பாதாள லிங்கத்தில் பூச்சிகள் கடிப்பதுகூட உறைக்காமல் உட்கார்ந்திருந்தான். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். பித்தர் என்று ஊர் எண்ணியிருந்த சேஷாத்ரி சுவாமிகள்தான் அவனைக் காத்தார். பின்னாளில் உலகம் அவனை ரமண மகரிஷி என்றது. இப்படி ஒரு நினைவு உள்ள ஊர், விசித்திரமாக நடந்துகொள்கிற யாரையும் லேசில் விரட்டாது. கிரிவலப் பாதையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு பொட்டலம் சோறு கிடைக்கும். உலகின் பல நகரங்களில் இல்லாத தயவு அது. அந்தத் தயவுக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மனச்சிதைவில் அலைந்து வந்தவரைச் சித்தர் என்று கும்பிட்டுவிட்டுப் போகும்போது, அவர் காலில் உள்ள புண்ணையும், எங்கோ அவரைத் தேடிக்கொண்டிருக்கும் தாயையும் நாம் பார்ப்பதில்லை. ரமணரின் அனுபவத்துக்கு நோயின் பெயர் வைக்க எனக்கு உரிமையில்லை. அதேபோல, சாவு பயத்தில் நடுங்கி வரும் ஒவ்வொரு இளைஞனிடமும் "அது ஞானத்தின் வாசல்" என்று சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை. தியானம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும், அரிதாகக் குழப்பத்திலும் கொண்டுபோய் விடும். இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே மனக்கிளர்ச்சியைத் தூண்டிவிடக்கூடியது. இரவு முழுக்க விழித்து நடப்பதற்கு முன் அவர் தம் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். பகலில் சுற்றினாலும் மலை அதே மலைதான். ஆன்மிகத்தைத் தேடி வந்து மாத்திரையை நிறுத்திவிடுவது உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் இருவருக்கும் பொதுவான விபத்து.

ஆதரவின்றித் திரியும் மனநோயாளியைக் கண்டால் பாதுகாப்பாக அழைத்துச் சென்று மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது காவல் நிலையத்தின் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சொல்கிறது. 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'பான்யன்', தெருவில் விடப்பட்ட பெண்கள் குணமாகி வீடு திரும்ப முடியும் என்பதைச் செய்தே காட்டியது. சோற்றுப் பொட்டலத்தோடு 100ஆம் பிரிவையும் இந்த ஊர் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி மருத்துவத்தின் பக்கம். சென்னை கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையின் வேர் 1794 வரை போகிறது. அடைத்து வைப்பதில் தொடங்கிய மரபு அது. பக்கத்து வேலூரில், பாகாயத்திலுள்ள சிஎம்சி மனநல மையம் வேறு வழி கண்டது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி, நோயைப் புரிந்துகொண்டு, சிகிச்சையில் பங்கெடுப்பார்கள். நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது என்பது என் எண்ணம். இன்று மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைப் பார்க்கலாம், மாத்திரை இலவசம். நாடு முழுவதற்குமான டெலிமானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அதே 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. 104க்கு அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும்.

மாத்திரையைப் பற்றிய பயத்தைத் தெளிவாகப் பேசியாக வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுக் குமட்டல் வரலாம். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும். இது போதைப் பழக்கம் ஆகாது. பழக்கமாகிவிடுவது வேறொன்று. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்ளும் அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரை. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், தேவையில்லாததற்குப் பயப்படுகிறோம். லேசான சோர்வுக்கு மாத்திரையே இல்லாமல் பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.

பேச்சுக்கு ஆள் எங்கே? இந்தக் கேள்வியில்தான் எல்லாம் வந்து முட்டுகிறது. மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை எந்தக் காலத்திலும் இந்தத் தேவைக்கு ஈடாகாது. எல்லோருக்கும் மனநல மருத்துவர் வேண்டியதும் இல்லை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்காரவைத்தார். வருகிறவரின் பிரச்சினைகளைக் கேட்டு, அதில் ஒன்றை எடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பது அவர்கள் வேலை. அந்த உதவி பெற்றவர்களிடம் ஆறு மாதத்துக்குப் பிறகும் சோர்வும் பதற்றமும் தெளிவாகக் குறைந்திருந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கோவாவில் விக்ரம் படேலும் கூட்டாளிகளும் மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடுமையான மனச்சோர்வுக்கே பலன் காட்டினார்கள். 2017இல் லான்செட் இதழில் அது வந்தது.

நம்மிடம் அப்படிப்பட்ட ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை தருகிறார். அவரை வீட்டுக்குள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள், "அக்கா" என்கிறார்கள். கடந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்தே இருக்கிறதா, எதிலும் ஆசை இல்லாமல் போய்விட்டதா என்ற இரண்டே கேள்விகளை அவர் சேர்த்துக் கேட்டால் போதும். உலகெங்கும் முதல்கட்டப் பரிசோதனைக்குப் பயன்படும் கேள்விகள் அவை. இரண்டில் ஒன்றுக்காவது ஆமாம் என்பவரை எங்கே அனுப்புவது, யார் தொடர்ந்து பார்ப்பது என்ற ஏற்பாடு இருக்க வேண்டும். அது இல்லாமல் கேட்பது மட்டும் நடந்தால் கொடுமை. சுயஉதவிக் குழுக் கூட்டங்களும், கிராம சுகாதாரச் செவிலியரும், பள்ளி ஆசிரியரும் இதே வரிசையில் வருகிறார்கள்.

நம்மில் யாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒருவர் "இருந்து என்ன ஆகப் போகுது" என்று சொல்லும்போது பேச்சை மாற்றாமல் இருப்பது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். ஊட்டாது என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. கேட்டதில் பாரம் குறைந்ததாகச் சொல்பவர்களே அதிகம். ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடக் கூடாது, ஆபத்தானவற்றைக் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும், 14416க்குப் பக்கத்தில் இருந்தபடியே அழைக்க வேண்டும், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூடவே போக வேண்டும். "ஊர் உலகத்துல யாருக்குத்தான் கஷ்டமில்ல" என்ற வாக்கியம் அந்த நேரத்தில் வேண்டாம். அது ஆறுதலாகச் சொல்லப்படுகிறது, அவர் காதில் கதவடைப்பாக விழுகிறது.

கார்த்திகை தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம்கள் போடுகிறார்கள். கால் கொப்புளத்துக்கு மருந்து, மயங்கி விழுந்தவருக்குக் குளுக்கோஸ், தயாராக நிற்கும் 108 வண்டி. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் மனபாரத்தோடு தாங்களாகவே நடந்து வரும் பாதை அது. அந்த முகாம்களில் ஒரு மேசை அதிகம் போடலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் ஒருவர், நர்ஸ் ஒருவர், ஒரு பதிவேடு. பலகையில் 'மனநோய்' என்று எழுத வேண்டாம், "தூக்கம் வரவில்லையா, மனசு சரியில்லையா, உட்கார்ந்து பேசலாம்" என்று எழுதினால் போதும். வருகிறவரின் ஊரும் போன் நம்பரும் குறித்துக்கொண்டு, அவருடைய ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் கிழமையைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் ஒரு முறை போன் செய்து "போனீங்களாம்மா?" என்று கேட்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில மணிநேரச் சம்பளம். வருகிற தீபத்துக்கே தொடங்கலாம்.